அம்மாவின் வீட்டுச் சிகிச்சைக்குக் காப்பீட்டுத் தொகை கிடைத்த விதம்

தக்கலையில் வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்த அம்மாவுக்கு 74 வயது. இடுப்பு எலும்பு முறிந்து, நாகர்கோவிலில் அறுவை சிகிச்சை செய்தோம். வீடு திரும்பிய பிறகு பிசியோதெரபிஸ்ட் தினமும் வந்தார். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளரையும் அமர்த்தினோம். இரண்டுக்குமான பில்களைச் சேர்த்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன்; மொத்தமாக நிராகரித்துவிட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் பாலிசியை முழுவதுமாகப் படித்தேன். 'வீட்டில் சிகிச்சை' என்ற பிரிவைத்தான் நான் நம்பியிருந்தேன். அதுவோ, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நோயாளியை நகர்த்த முடியாதபோதும் படுக்கை கிடைக்காதபோதும் மட்டுமே பொருந்தும். எங்களுக்கு உரியது வேறு பிரிவு: மருத்துவமனையிலிருந்து வந்த பின் 60 நாள் வரையிலான செலவு. எங்கள் பாலிசியில் 60. சிலவற்றில் 90 என்றும் இருக்கும்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் பிசியோதெரபி பற்றி ஒரு வரிகூட இல்லை. பில்லிலோ பிசியோதெரபிஸ்ட்டின் பதிவு எண் இல்லை, தேதிகளும் இல்லை. அறுவை செய்த மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கினேன். பிசியோதெரபிஸ்ட் பொறுமையாக உட்கார்ந்து நாள்வாரியாக ரசீது எழுதித் தந்தார். இவற்றுடன் மீண்டும் அனுப்பியதும் பிசியோதெரபிப் பணம் வந்தது. உதவியாளர் சம்பளம் வரவில்லை; குளிப்பாட்டுவது, உணவூட்டுவது போன்ற பராமரிப்புக்குப் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை. முதியோர் இருக்கும் வீடுகளில் பெருஞ்செலவே அதுதான் என்பது எனக்கு இன்னும் வேதனை.

நிறுவனத்துக்குப் புகார் எழுதி 30 நாளில் பதில் வராவிட்டால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். எனக்கு அது தேவைப்படவில்லை. 60 நாள் முடிந்ததும், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும், 2021இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தோம். அம்மா இப்போது திண்ணைத் தூணைப் பிடித்தபடி பத்தடி நடக்கிறார்.