அடைவு தயாரிக்க மென்பொருள் வாங்கும்போது பலரும் சறுக்கும் இடங்கள்

புத்தகத்தின் கடைசியில் வரும் பெயரடைவு, பொருளடைவு தயாரிக்க மென்பொருள் வேண்டும் என்றதும், பிடிஎஃப்பைக் கொடுத்தால் அடைவு தானாக வந்துவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வருவது வெறும் சொற்பட்டியல். தமிழில் அதுவும் உருப்படியாக வராது: ஈரோடு என்று தேடினால் ஈரோட்டில், ஈரோட்டுக்கு எல்லாம் தப்பிவிடும், ‘பெரியார் பிறந்த ஊர்’ என்று எழுதிய பக்கம் மாட்டவே மாட்டாது. சின்டெக்ஸ், மேக்ரெக்ஸ், ஸ்கை இண்டெக்ஸ் போன்ற தனி அடைவு மென்பொருள்கள்கூட நமக்காகப் புத்தகத்தைப் படிப்பதில்லை. தலைப்பு கொடுப்பது நம் வேலை. அடுக்குவது, ‘காண்க’ என்று கைகாட்டிய இடத்தில் பதிவு இருக்கிறதா என்று சரிபார்ப்பது அவற்றின் வேலை.

‘யூனிகோடு ஏற்கும்’ என்ற ஒரு வரியை நம்பி வாங்குவது அடுத்த தவறு. தமிழ் எழுத்து திரையில் தெரிவது வேறு, அகரவரிசையில் நிற்பது வேறு. யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. அந்த எண்களில் ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற. அந்த எண்படியே அடுக்கும் மென்பொருள் பறவை, பல்லவர், பவளம் என்று கொடுக்கும். நம் அகராதிப்படி பல்லவர், பவளம், பறவை. புள்ளி வைத்த எழுத்திலும் இதே கூத்துதான், அக்காவுக்கு முன்னால் அகம் வந்து நிற்கும். சோதனைப் பதிப்பு கிடைத்தால் இந்த ஐந்து சொற்களையும் போட்டுப் பாருங்கள், மற்ற வசதிகளை அப்புறம் பார்க்கலாம்.

பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த புத்தகமா? முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினி போன்றவற்றில் கொம்பு தனிக் குறியாக எழுத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால் கொற்கை, செஞ்சி, தொண்டி எல்லாம் ஒரே இடத்தில் குவிந்துவிடும்.

மறுபதிப்பை யோசிக்காமல் தேர்வு செய்பவர்களும் உண்டு. வேர்டு, இன்டிசைன் இரண்டிலும் உரைக்குள்ளேயே அடைவுக் குறி வைக்கலாம், பக்கம் நகர்ந்தால் எண்ணைப் புதுப்பித்துக்கொள்ளலாம். தனி மென்பொருளில் நாமே எண்ணைத் தட்டச்சு செய்வதால் பக்கங்கள் இறுதியாகும் முன் தொடங்கினால் இரட்டை வேலை. ஒரே பதிப்போடு முடியும் ஆய்வு நூலுக்கு எனக்குத் தனி மென்பொருள்தான் பிடிக்கும், அளவு மாறி மாறி வரும் நூலுக்கு முதல் வழியே மேல்.

இதழ்களுக்கு அடைவு என்றால் கதையே வேறு. புத்தக அடைவுக்குப் பெரும்பாலும் பக்க எண் மட்டும் போதும். இங்கே மலர் (அதாவது தொகுதி), இதழ், பக்கம் மூன்றும் வேண்டும், மலர் 10 போய் மலர் 2-க்கு முன்னால் நிற்கக் கூடாது. பழைய இதழ்கள் சிலவற்றில் பிரபவ, விபவ என்று தமிழ் ஆண்டுதான் இருக்கும். அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் பெயர், அகரவரிசையில் அடுக்கினாலும் காலவரிசை கிடைக்காது. ஆங்கில ஆண்டுக்குத் தனிக் கட்டம் போட இடம் தராத மென்பொருளை இதழ் வேலைக்கு எடுக்காதீர்கள். அதைவிடச் சாதாரண எக்செல் தாளே போதும்.