மழைக்கோட்டுக்குள் நனையாமல் நடக்க

மார்கழி மழையில் திருகோணமலை டவுனிலிருந்து நிலாவெளிக்கு நடப்பது என் பழக்கம். முதல் தடவை உப்புவெளி தாண்டமுன்னமே உள்பெனியன் தொப்பல். கோட்டு ஓட்டை என்று கடைக்காரரைத் திட்டினேன், பாவம். அது என் வியர்வை! காற்றே ஈரமாயிருந்தால் எவ்வளவு விலையான கோட்டும் உள்ஈரத்தை மெதுவாகத்தான் வெளியே விடும்.

தூறலுக்குக் குடை போதும். கொட்டினால் கோட்டு, ஆனால் கக்கத்தடியில் காற்றுப்போக வைத்திருக்கும் சிப்பை (ஸிப்) இருந்தால் திறந்துவிட்டு நடையைக் குறையுங்கள். உள்ளே பருத்தி வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைக்கும்; பொலியெஸ்டர் பெனியன் கெதியாய்க் காயும். மழைத்துளி கோட்டில் முத்தாய் உருளாமல் ஊறினால் அழுக்குப் போக அலசுங்கள். பிறகும் ஊறினால் நீர்விலக்கும் ஸ்பிரே அடியுங்கள்.

மழைக்காற்சட்டையைச் சப்பாத்துக்குள் சொருகாதீர்கள், சப்பாத்து வாளியாகிவிடும். மாற்றுச் சாரம் பொலித்தீன் பைக்குள், இறுக்க முடிச்சிட்டு.