ஈஸ்ட் எண்ணப் போறீங்களா? மைக்ரோஸ்கோப்புக்கு முன்னாடி தராசை எடுங்க

க்ராஃப்ட் ப்ரூவரி (சின்ன அளவுல பீர் செய்ற ஆலை) க்யூசி லேப்ல, அதாவது தரம் பாக்குற லேப்ல, புதுசா சேர்றவங்க தலையில மொதல்ல கட்டுற வேலை பெரும்பாலும் ஈஸ்ட் கவுண்ட் தான். எனக்கும் அதான். பாக்க சின்ன வேலை, கண்ணாடில ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்ல பாத்து எண்ணி பெருக்கி ப்ரூவர்கிட்ட ஒரு நம்பர் சொல்லணும், அவ்ளோதான். ஆனா அந்த நம்பரை நம்பித்தான் அடுத்த டேங்க்ல எத்தனை கிலோ ஈஸ்ட் போடறதுன்னு முடிவாகுது. கம்மியா போட்டா நொதிக்க ஆரம்பிக்கவே நேரமாகும், சில சமயம் பாதியில படுத்துக்கும். அதிகமா போட்டா கடகடன்னு முடிஞ்சிரும், ஆனா ஏல்ல (பீர்ல ஒரு ரகம்) வரவேண்டிய அந்தப் பழவாசம் வராம சப்புன்னு இருக்கும்.

நான் ரெண்டாவது ரகத் தப்பை வாரக்கணக்கா பண்ணிட்டு இருந்தேன், பண்றேன்னு தெரியாமலே. அதனால இந்தப் பதிவுல மைக்ரோஸ்கோப் ஃபோகஸ் பண்றதெல்லாம் சொல்லப் போறதில்ல, அது ரெண்டு நாள்ல கை தானா பழகிரும்.

தேவையானது: ஹீமோசைட்டோமீட்டர் (செல் எண்றதுக்குன்னே கட்டம் பொறிச்ச தடியான கண்ணாடி ஸ்லைடு, இம்ப்ரூவ்டு நியூபாவர்ங்கிற கட்டம் போட்டது), அதோட வர்ற தடியான கவர் ஸ்லிப், 40 எக்ஸ் லென்ஸ் உள்ள மைக்ரோஸ்கோப், மெத்திலீன் ப்ளூ, டாலி கவுண்டர் (அமுக்க அமுக்க எண்ணிக்கை ஏறுற கருவி), 0.01 கிராம் காட்டுற தராசு. கவர் ஸ்லிப் உடைஞ்சா சாதா ஸ்லைடுக்குப் போடற மெல்லிசு கண்ணாடியை வச்சு ஒப்பேத்தாதீங்க, அது வளைஞ்சிரும், உள்ள இருக்க வேண்டிய 0.1 மில்லிமீட்டர் ஆழம் மாறிரும், உங்க கணக்கே அந்த ஆழத்தை நம்பித்தான் இருக்கு.

படி 1: சாம்பிள்

ஃபெர்மென்ட்டர் கோன்ல (நொதிக்கிற டேங்கோட கூம்பு அடிப்பக்கம்) இருந்து எடுக்குறப்போ மொதல்ல வர்றதை விட்ருங்க. அடியில கிடக்குறது செத்த செல்லும் ட்ரப்பும் (வண்டல்) தான். நடுவுல வர்ற, க்ரீம் கலர்ல கெட்டியா இருக்குற பகுதிதான் வேணும். வால்வை ஆல்கஹால் போட்டுத் துடைச்சுட்டு எடுங்க. பாட்டில் மூடியை இறுக்கி மூடாதீங்க, உள்ள இருக்கிறது உயிருள்ள சாமான், கேஸ் விட்டுக்கிட்டே இருக்கும்.

படி 2: நீர்க்க வைக்கிறது (நான் வழுக்கி விழுந்த இடம்)

ஸ்லரி, அதாவது அந்தக் கெட்டியான ஈஸ்ட் கூழ், அப்படியே எண்ண முடியாத அளவுக்கு அடர்த்தி. ஒரு மில்லில நூறு கோடிக்கு மேல செல் இருக்கறது சாதாரணம். அதனால தண்ணி சேத்து நீர்க்கடிக்கணும். எனக்குச் சொல்லிக் குடுத்தது என்னன்னா, பைப்பெட்ல 1 மில்லி ஸ்லரி, 9 மில்லி தண்ணி, அதுல இருந்து 1 மில்லி எடுத்து மறுபடி 9 மில்லி தண்ணி, இப்படியே போகணும். நானும் போனேன்.

ஒரு நாள் ஹெட் ப்ரூவர் வந்து "டேங்க் பொங்கி குழாய் வழியா வெளிய வருதுப்பா, நீ குடுத்த நம்பர் சரிதானா?"ன்னாரு. "மூணு தடவை எண்ணிட்டேண்ணா, மூணும் ஒரே மாதிரிதான் வருது"ன்னு கெத்தா சொன்னேன். நிஜமாவே ஒரே மாதிரிதான் வந்துச்சு. அதான் பிரச்சினையே.

அப்புறம் சும்மா ஒரு சந்தேகத்துல, பைப்பெட்ல 1 மில்லி ஸ்லரி உறிஞ்சி தராசு மேல விட்டுப் பாத்தேன். 0.71ன்னு காட்டுச்சு. தண்ணியை விட கொஞ்சம் கனமா இருக்க வேண்டிய சாமான், ஒரு கிராமுக்கு மேல காட்டணும். மிச்சம் எங்க போச்சுன்னு டிப்பை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா உள்சுவர் முழுக்க பூசி விட்ட மாதிரி ஈஸ்ட் ஒட்டிக் கிடக்கு, நடுவுல சின்னச் சின்ன நுரைக் குமிழ். நான் உறிஞ்சினதுல ஒரு பங்கு வெறும் கேஸ், ஒரு பங்கு டிப்லயே தங்கிருச்சு.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. நுரை இருந்தா கவுண்ட் கம்மியா வரும். டிப்ல ஒட்டிக்கிட்டா கம்மியா வரும். பாட்டிலைக் குலுக்காம மேலாக எடுத்தா, ஈஸ்ட் அடியில உக்காந்துரும், அப்பவும் கம்மி. செல்லெல்லாம் கொத்துக்கொத்தா ஒட்டிக்கிட்டு இருந்தா சரியா எண்ண முடியாது, அதுவும் கம்மி. 1 மில்லிக்கு 9 மில்லி சேக்காம 10 மில்லி சேத்துட்டா பத்துல ஒண்ணுன்னு நெனச்சது பதினொண்ணுல ஒண்ணா ஆயிரும், ரெண்டு தடவை அப்படிப் பண்ணா நூறுக்குப் பதில் 121 மடங்கு நீர்த்திருக்கும், அதுவும் கம்மி. எல்லாத் தப்பும் ஒரே பக்கம் இழுக்குது, ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டாது. கவுண்ட் கம்மின்னா டேங்க்ல ஈஸ்ட் அதிகமா விழும், அன்னைக்கு டேங்க் பொங்கினது அதான். அதனாலதான் மூணு தடவை எண்ணினாலும் மூணும் ஒத்துப் போகும், மூணும் தப்பா இருக்கும்.

இப்போ நான் பண்றது இதான்:

ஸ்லரியை அகலமான பீக்கர்ல ஊத்தி ஸ்டிர்ரர்ல மெதுவா பத்து நிமிஷம் சுத்த விடுவேன், குமிழ் மேல வர்றது நிக்கிற வரைக்கும். அப்புறம் தராசுல காலி பாட்டிலை வச்சு ஜீரோ பண்ணி 5 கிராம் ஸ்லரி, அதுக்கு மேல மொத்தம் 500 கிராம் வர்ற வரைக்கும் தண்ணி. நூறுல ஒண்ணு ஆச்சு, ஒரே படியில. 5 கிராம் எடுக்குறதுனால ஒரு சொட்டு கூடக்கொறைய விழுந்தாலும் ஒண்ணும் குடி முழுகாது, 1 மில்லில அதே சொட்டு பெரிய விஷயம்.

விலை கூடின மைக்ரோபைப்பெட் வாங்கணுமா தராசு வாங்கணுமான்னு கேட்டா, யோசிக்காம தராசுன்னு சொல்வேன். பைப்பெட் தண்ணிக்காக செஞ்சது, கூழுக்கு இல்ல.

படி 3: சாயம்

நூறுல ஒண்ணு ஆன தண்ணியை நல்லா குலுக்கி, அதே அளவு மெத்திலீன் ப்ளூ கரைசலோட கலக்கணும். இப்போ தண்ணி மாதிரிதான் இருக்கும், பைப்பெட்டை இங்க தாராளமா நம்பலாம். மொத்த டைல்யூஷன் 200. கரைசல் 2 சதவீத சோடியம் சிட்ரேட்ல 0.01 சதவீதம் சாயம். சிட்ரேட் சும்மா இல்ல, செல்லு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிறதுக்குத் தேவையான கால்சியத்தை அது பிடிச்சு வச்சுக்கும். அதுக்கும் அசையாத கொத்துன்னா நீர்க்கடிக்கிற தண்ணில கொஞ்சம் ஈடிடிஏ சேருங்க, அதுவும் கால்சியத்தைப் பிடிச்சுக்கிற சாமான்தான்.

உயிரோட இருக்கிற செல் சாயத்தை நிறமில்லாததா மாத்திரும், செத்தது நீலமா நிக்கும். ஒண்ணு ரெண்டு நிமிஷம் விட்டு எண்ண ஆரம்பிங்க, ரொம்ப நேரம் வச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்து எண்ணாதீங்க, நேரம் ஆக ஆக நல்ல செல்லும் நீலமாகும். வெளிர் நீலத்துல நிக்கிறதை என்ன பண்றதுன்னு எல்லாரும் முழிப்பாங்க. எங்க லேப்ல அடர் நீலம் மட்டும் செத்தது. நீங்க வேற மாதிரி முடிவு பண்ணாலும் சரி, ஆளுக்கு ஒரு மாதிரி எண்ணாம நோட்டுல எழுதி வச்சிருங்க.

படி 4: எண்றது

கவர் ஸ்லிப்பை மொதல்ல வச்சு, ஓரத்துல சொட்டை விட்டா தானா உள்ள இழுத்துக்கும். பள்ளத்துல வழிஞ்சா துடைச்சுட்டு முதல்ல இருந்து. ரெண்டு நிமிஷம் செல்லெல்லாம் உக்கார விடுங்க. ஒண்ணுமே தெரியலன்னா கண்டென்சர் ஐரிஸை (ஸ்டேஜுக்குக் கீழ வெளிச்சம் வர்ற துவாரம்) கொஞ்சம் மூடிப் பாருங்க, புதுசா வர்றவங்க வெளிச்சத்தை ஏத்திக்கிட்டே போவாங்க, ஈஸ்ட் கண்ணாடி மாதிரி, வெளிச்சம் கூடினா மறைஞ்சே போகும்.

நடுக் கட்டத்துல 25 சதுரம் இருக்கும், ஒவ்வொண்ணுக்குள்ளயும் 16 குட்டி. நாலு மூலையும் நடுவும், ஆக அஞ்சு சதுரம் எண்ணினா போதும். மேல்கோடு, இடதுகோடு தொட்டதை எண்ணுங்க, கீழ்கோடு, வலதுகோடு தொட்டதை விட்ருங்க. மொட்டு தாய் செல்லுல பாதிக்கும் கம்மின்னா ரெண்டும் சேந்து ஒண்ணு, பாதியோ அதுக்கு மேலயோன்னா ரெண்டு.

அஞ்சு சதுரத்துல 120 வந்துச்சுன்னு வைங்க. 120 × 5 = 600. அந்த நடுக் கட்டத்தோட கொள்ளளவு மில்லில பத்தாயிரத்துல ஒரு பங்கு, அதனால 600 × 10,000 = 60 லட்சம். டைல்யூஷன் 200ஆல பெருக்கினா கிராமுக்கு 120 கோடி. 120ல 6 நீலம்னா உயிரோட இருக்கிறது 95 சதவீதம், அதாவது 114 கோடி. 90க்குக் கீழ போனா நான் அந்த ஸ்லரியைத் தொடறதில்ல. அந்த இடத்துல இந்தச் சாயம் இருக்கிறதை விட நல்லாவே காட்டும், நிஜம் இன்னும் மோசமா இருக்கும்.

ரெண்டு பக்க அறையும் எண்ணுங்க. 100 செல் எண்ணினா சுமார் 10 சதவீதம் முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும், 400 எண்ணினா 5. அது உங்க தப்பு இல்ல, எந்தச் சதுரத்துல எத்தனை விழும்ங்கிறது அதிர்ஷ்டம். இந்தக் கணக்கைப் போட்டு 1907ல கட்டுரையா எழுதினவரு டப்ளின்ல கின்னஸ் ப்ரூவரில வேலை பாத்த வில்லியம் கோசெட். சொந்தப் பேர்ல எழுத முடியாததால "ஸ்டூடண்ட்"னு போட்டாரு. ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல டி டெஸ்ட்னு படிச்சிருப்பீங்கல்ல, அதே ஸ்டூடண்ட் தான், அது அடுத்த வருஷம் வந்துச்சு. நாம திட்டிக்கிட்டே எண்ற இதே மாதிரிக் கட்டத்தைத்தான் அவரும் எண்ணியிருக்காரு. ஆனா அவரு சொன்னது கூடவும் கொறையவும் ஆடுற தப்பு, எண்ணிக்கை கூடினா சுருங்கும். படி 2ல நான் பண்ணது எத்தனை எண்ணினாலும் சுருங்காது.

படி 5: எவ்ளோ போடணும்

ஏலுக்குப் பொதுவான கணக்கு, ஒரு மில்லி வோர்ட்டுக்கு (இன்னும் நொதிக்காத மால்ட் சாறு), ஒரு டிகிரி ப்ளேட்டோவுக்கு (அதுல எவ்ளோ சர்க்கரை கரைஞ்சிருக்குன்னு காட்டுற அளவு) 10 லட்சம் செல். லாகருக்கு (பீர்ல இன்னொரு ரகம்) ஒன்றரை மடங்குல இருந்து ரெண்டு மடங்கு. 1000 லிட்டர், 12 ப்ளேட்டோ ஏல்னா மொத்தம் 12 லட்சம் கோடி செல். கிராமுக்கு 114 கோடியால வகுத்தா 10.5 கிலோ. கிலோவா கேட்டு கிலோவா போடுங்க, வாளியில லிட்டர் கோடு பாத்துப் போட்டா நுரைக் கதை திரும்ப ஆரம்பிச்சிரும். நான் கிராம்ல எண்றதுக்கு இன்னொரு காரணமே அதான்.

பின்னால சேத்தது: இதைப் படிச்சுட்டு ஒருத்தர் தனக்கு ஸ்லரில 600 கோடி வருதுன்னு எழுதியிருந்தாரு. கேட்டுப் பாத்தா 25 சதுரமும் எண்ணிட்டு மறுபடி 5ஆல பெருக்கியிருக்காரு. 25ம் எண்ணினா அந்த 5 வேண்டாம்.

இன்னொண்ணு: கட்டம் தேடுறப்போ மூலையில இருக்கிற பெரிய கட்டங்கள்ல மாட்டிக்காதீங்க. அதுல 16 சதுரம்தான், உள்ள குட்டிச் சதுரம் இருக்காது, அது வெள்ளை ரத்த அணு எண்றதுக்கு. நடுக் கட்டத்துல சதுரங்களைப் பிரிக்கிறது மூணு கோடு சேந்த கோடு. மூணு கோடு தெரியலன்னா நீங்க இருக்கிறது தப்பான வீடு, ஸ்டேஜை நகத்துங்க.