ஒரே செட் டயரில் கனடா வருஷம்: டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸுக்கு டயரும் ரிம்மும் தேர்ந்தெடுப்பது எப்படி?

2018 முதல் 2023 வரை வந்த மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் இப்போது பழைய கார் சந்தையில் நிறையவே கிடைக்கிறது. டொராண்டோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் வாங்குகிறவர்கள் பலர் இலையுதிர் காலம் வரும்போதுதான் டயரைக் குனிந்து பார்க்கிறார்கள். கோடையில் ஒன்று, குளிரில் ஒன்று என்று இரண்டு செட் வைத்துக்கொள்ள எல்லோருக்கும் இடமில்லை, முக்கியமாக காண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) இருப்பவர்களுக்கு. ஒரே செட்டில் வருஷம் முழுக்க ஓட்ட முடியுமா என்றால், முடியும். டயர் பிராண்டை முதலில் பார்க்காமல் கடைசியில் பார்த்தால் போதும்.

படி 1: காரில் இப்போது என்ன இருக்கிறது?

டயரின் பக்கவாட்டில் 235/35ஆர்20 92ஒய் என்று இருந்தால் அது கம்பெனி போட்ட 20 அங்குல அளவு. 235 என்பது மில்லிமீட்டரில் அகலம். 35 என்பது அந்த அகலத்தில் 35 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 82 மி.மீ. தான். 20 என்பது ரிம்மின் விட்டம். 92 சுமை எண், ஒரு டயர் 630 கிலோ தாங்கும். ஒய் என்பது மணிக்கு 300 கி.மீ. வரை என்ற வேகக் குறி.

இந்த அளவில் காரோடு வந்தவை பெரும்பாலும் கோடை டயர்கள். வெப்பநிலை சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனதும் அந்த ரப்பர் விறைத்துப்போகும், ஈரச் சாலையில்கூடப் பிடி குறையும். மைனஸ் 7க்கும் கீழே நிறுத்தி வைத்திருந்து அப்படியே எடுத்து ஓட்டினால் ரப்பரில் வெடிப்பு விழலாம். அதனால் பனி விழாத நாளில் ஓட்டினால் பரவாயில்லை என்ற கணக்கு இங்கே உதவாது.

படி 2: குறியைப் பாருங்கள், பெயரைப் பார்க்காதீர்கள்

கடையில் ஆல் சீசன், ஆல் வெதர் என்று இரண்டு சொற்கள் அடிபடும். காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். டயரில் எம்+எஸ் என்று மட்டும் இருந்தால் அது ஆல் சீசன். சேறு, பனி என்பதன் சுருக்கம் அது; அதைப் போட எந்தப் பனிச் சோதனையும் தேவையில்லை. மூன்று சிகரங்களுள்ள ஒரு மலை, நடுவே பனித்துகள் படம் இருந்தால் அந்த டயர் இறுகிய பனியில் சோதிக்கப்பட்டது. ஆல் வெதர் டயர்களில் இந்தப் படம் இருக்கும்.

ஆனால் அந்தச் சோதனை பார்ப்பது இழுவையை, அதாவது பனியில் கார் முன்னே நகர்வதை. கண்ணாடி ஐஸில் நிற்பதையோ வளைவில் பிடிப்பதையோ அந்தப் படம் உறுதி செய்வதில்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற காரில் இது ஒரு பொறி. சிக்னலில் சட்டென்று கிளம்பிவிடும், பிடி நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அடுத்த சிக்னலில் நிற்கும்போதுதான் உண்மை தெரியும். போதாக்குறைக்கு, மின்சாரக் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் பிரேக் போடும். பெட்ரோல் காரில் காலை எடுத்து உருளவிட்டுப் பழகியவர் வழுக்கும் இடத்தில் அதே வேகத்தில் காலை எடுத்தால், தெரியாமலே பிரேக் பிடித்ததுபோல் ஆகும்.

உங்கள் ஓட்டம் டொராண்டோ சுற்றுவட்டாரம், உப்புப் போட்டுச் சுத்தம் செய்த சாலைகள் என்றால் பனித்துகள் குறியுள்ள ஆல் வெதர் போதும். வாரம்தோறும் டொராண்டோவுக்கு வடக்கே உள்ள பேரி நகரையும் தாண்டிப் போகிறவர், விடியற்காலை ஷிப்ட்டுக்குப் பனி வாரும் வண்டிக்கு முன்பே கிளம்புகிறவர் இந்தப் பதிவை இங்கேயே நிறுத்திவிட்டு முழுக் குளிர்கால டயர் வாங்குவது நல்லது. சமரசம் செய்யக்கூடிய இடம் அது இல்லை.

கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனித்துகள் குறி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 முதல் குளிர்கால டயருக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தரவேண்டும். ஆல் வெதரை அதில் சேர்ப்பார்களா என்பதை டயர் வாங்குவதற்கு முன் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

படி 3: அளவைக் குறையுங்கள்

வருஷம் முழுக்க ஓட்ட 20 அங்குலம் வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. கணக்கைப் பாருங்கள்:

- 235/35ஆர்20: மொத்த விட்டம் 672.5 மி.மீ., பக்கச்சுவர் 82 மி.மீ.
- 235/40ஆர்19: மொத்த விட்டம் 670.6 மி.மீ., பக்கச்சுவர் 94 மி.மீ.
- 235/45ஆர்18: மொத்த விட்டம் 668.7 மி.மீ., பக்கச்சுவர் 106 மி.மீ.

மூன்றும் கிட்டத்தட்ட ஒரே உயரம், ஆகவே வேகமானி தப்பாகக் காட்டாது. ஆனால் 18க்கு இறங்கினால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே 24 மி.மீ. கூடுதல் மெத்தை. மார்ச் மாதம் ஐஸ் உருகி உறைந்து சாலையில் விழும் பள்ளங்களில் 20 அங்குல ரிம் நெளிவதும், டயரின் பக்கவாட்டில் முட்டை மாதிரி வீங்குவதும் இந்த மெத்தை இல்லாததால்தான். காற்றுக்கு இடம் கூடுவதால் சுமை எண்ணும் ஏறும்: 19இல் 96 எண் டயர் (710 கிலோ), 18இல் 98 (750 கிலோ) கிடைக்கும். பேட்டரியைச் சுமக்கும் காருக்கு இது பெரிய விஷயம். ரேஞ்சும் கூடும். 2020 பெர்ஃபார்மன்ஸுக்கு அமெரிக்க அரசின் சோதனை மதிப்பு 20 அங்குலத்தில் 299 மைல், 18 அங்குலத்தில் 322 மைல்.

2024 முதல் வந்த பெர்ஃபார்மன்ஸில் முன்னால் 235, பின்னால் 275 என்று அகலமே வேறு. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

படி 4: ரிம் — அதிகம் பேர் சறுக்கும் இடம்

ரிம் விளம்பரத்தில் ஐந்து எண்களைத் தேடுங்கள்.

போல்ட் வட்டம் 5×114.3, அதாவது 114.3 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட். நடுத்துளை 64.1 மி.மீ. நட்டு எம்14, மரை இடைவெளி 1.5, கூம்பு முகம். போல்ட் வட்டமும் நட்டும் மாறக்கூடாது, நடுத்துளை இதைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது. நடுத்துளை பெரிதாக இருக்கும் ரிம் வாங்கினால் அதற்கும் ரிம் உட்காரும் ஹப் என்ற நடுப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியை அடைக்க ஹப் வளையம் வேண்டும். இல்லையென்றால் ரிம் நடுவில் உட்காராமல் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். அலுமினிய வளையம் உப்பில் இறுகிக்கொள்ளும், பிறகு சுத்தியலால் தட்டித்தான் எடுக்கவேண்டும். இங்கே பிளாஸ்டிக் வளையமே தேவலாம்.

நான்காவது அகலம், ஐந்தாவது ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் படியும் முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்பது. 2021 முதல் 2023 வரை வந்த கம்பெனி 20 அங்குல ரிம் 9 அங்குல அகலம், ஆஃப்செட் 34. அகலத்தில் பாதி 114.3 மி.மீ.; அதில் 34ஐக் கழித்தால் ஹப் முகத்திலிருந்து வெளியே 80 மி.மீ., கூட்டினால் உள்ளே 148 மி.மீ. இப்போது 18×8.5, ஆஃப்செட் 40 எடுத்துக்கொள்வோம்: பாதி 108, வெளியே 68, உள்ளே 148. உள்பக்கம் அதே இடம், சஸ்பென்ஷனில் உரசாது. வெளிப்பக்கம் மட்டும் 12 மி.மீ. உள்வாங்கும். பார்க்கக் கொஞ்சம் ஒடுங்கித் தெரியும், அவ்வளவுதான். ஆஃப்செட் 35 என்றால் வெளியே 73, உள்ளே 143, அதுவும் சரி.

இத்தனையும் பொருந்தினாலும் 18 அங்குல ரிம் பெர்ஃபார்மன்ஸில் ஏறாமல் போகலாம். காரணங்கள் இரண்டு. முன் பிரேக் காலிப்பர் (பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) பெரியது, ரிம்மின் உள்பக்கத்தில் இடிக்கலாம். மற்றது பலருக்குத் தெரியாது: பல பெர்ஃபார்மன்ஸ் கார்களில் பிரேக் டிஸ்க்கின் நடுத்துளையைச் சுற்றி சுமார் 2 மி.மீ. உயரத்தில் ஒரு விளிம்பு இருக்கும். சாதாரண ரிம் அந்த விளிம்பின்மேல் உட்கார்ந்துகொள்ளும். நட்டு முறுக்கம் சரியாகக் காட்டும், ஆனால் ரிம் டிஸ்க்கில் படிந்திருக்காது. ஓட ஓட நட்டு தளரும். கடைக்காரரிடம் "மாடல் 3க்குப் பொருந்துமா" என்று கேட்டால் ஆமாம் என்பார். "பெர்ஃபார்மன்ஸ் டிஸ்க்கின் விளிம்புக்கு உள்ளே வெட்டு உண்டா" என்று கேளுங்கள்.

டயர் மாட்டுவதற்கு முன் வெறும் ரிம்மைக் காரில் வைத்துப் பாருங்கள். டயர் ஏறிய ரிம்மைப் பொதுவாகத் திருப்பி எடுக்கமாட்டார்கள். ரிம்மின் முகத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவே நான்கு இடத்தில் மெல்லிய காகிதத் துண்டு வைத்து, நட்டுகளைக் கையால் நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். காகிதத்தை இழுத்தால் நான்கும் கிழியவேண்டும். ஒன்றாவது வழுக்கி வந்தால் ரிம் படியவில்லை. பிறகு கையால் ஒரு சுற்று சுற்றி, காலிப்பரில் உரசும் சத்தம் வருகிறதா கேளுங்கள். முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை.

மேற்பூச்சில், முகத்தைச் சீவிப் பளபளப்பாக்கிய ரிம் உப்புக்கு ஆகாது. ஒரு சின்னக் கீறல் விழுந்தால் பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு மாதிரி அரிப்பு ஓடும். முழுக்கப் பவுடர் கோட்டிங் செய்தது வாங்குங்கள்.

படி 5: இப்போது டயர்

பனித்துகள் குறி, சுமை எண் 98 (19 அங்குலமானால் 96), எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும்) வகை. இந்த மூன்றையும் முதலில் சலித்துவிடுங்கள். மிஷலின் கிராஸ்கிளைமேட் 2, நோக்கியன் ரெமடி டபிள்யூஆர்ஜி5 இரண்டிலும் பனித்துகள் குறி உண்டு. மிஷலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4, கான்டினென்டல் டிடபிள்யூஎஸ்06 பிளஸ் போன்றவை கோடையில் சுகமானவை, வளைவில் காரின் குணத்தைக் காப்பாற்றும்; ஆனால் எம்+எஸ் மட்டும்தான். கான்டினென்டலின் பட்டையில் டி (உலர்ந்த சாலை), டபிள்யூ (ஈரம்), எஸ் (பனி) என்ற எழுத்துகளே பதித்திருக்கும். தேயத் தேய முதலில் எஸ் மறையும். பனிக்கு இனி ஆகாது என்று அர்த்தம்.

வேகக் குறியில் டபிள்யூ (270) கிடைத்தால் நல்லது. வி (240) போட்டால் காரின் உச்ச வேகமும் இனி அதுதான். உள்ளே ஒலி குறைக்கும் பஞ்சு ஒட்டிய டயரில் பஞ்சர் ஒட்ட, அந்த இடத்துப் பஞ்சைச் சுரண்டி எடுக்கவேண்டும். எல்லாக் கடையிலும் செய்யமாட்டார்கள். தயாரிப்பு வாரத்தையும் பாருங்கள்: டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கம் 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம்.

படி 6: மாட்டும் நாள்

தூக்கும் இடம் நான்கு மட்டும். பேட்டரிப் பெட்டியின் அடியில் ஜாக் கொடுத்தால் டயர் செலவைப்போலப் பல மடங்கு போகும். ஜாக்குக்கும் தூக்கும் இடத்துக்கும் நடுவே வைக்கும் ரப்பர் பக் (வட்டக் கட்டை) நான்கு வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். ஹப்பில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லுங்கள். போல்ட் மரையில் கிரீஸ் தடவவேண்டாம், முறுக்கம் பொய்யாகிவிடும். 21 மி.மீ. சாக்கெட், 175 நியூட்டன் மீட்டர். 80 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி அதே முறுக்கம்.

காற்றழுத்த சென்சார் பழைய கார்களில் 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ, 2021 மாடல் வாக்கில் புளூடூத்துக்கு மாறியது. ஒன்றுக்கு இன்னொன்று பேசாது. கார் எது என்று தெரிந்தபின் வாங்குங்கள். மாட்டியதும் திரையில் சர்வீஸ் பகுதிக்குப் போய் ரிம் அளவை 18 என்று மாற்றவேண்டும், இல்லையென்றால் ரேஞ்ச் கணிப்பு தப்பும்.

காற்று, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவு. கார் ஆறியிருக்கும்போது பார்க்கவேண்டும். 5.6 டிகிரி குறைந்தால் சுமார் 1 பி.எஸ்.ஐ. இறங்கும். 15 டிகிரி கராஜில் சரியாக அடித்த காற்று மைனஸ் 15இல் 5 பி.எஸ்.ஐ. குறைவாகக் காட்டும், பஞ்சர் என்று பதற வேண்டாம்.

படி 7: தேய்மானம்

10,000 கி.மீ.க்கு ஒருமுறை, அல்லது முன் பின் ஆழத்தில் 1.5 மி.மீ. வித்தியாசம் வந்தால், இடம் மாற்றுங்கள். கிராஸ்கிளைமேட் போல அம்புக்குறி உள்ள டயரை அதே பக்கத்தில் முன் பின் மட்டுமே மாற்றலாம். ஒன்டாரியோ சட்டம் 1.5 மி.மீ. வரை விடும், பனிக்கு 4 மி.மீ. வந்ததும் வேலை முடிந்தது. அளக்கும்போது பின் டயரின் உள்விளிம்பையும் அளக்கவேண்டும். பின் சக்கரங்கள் மேல்பக்கம் சற்று உள்ளே சாய்ந்திருப்பதால் அங்கேதான் முதலில் கரையும், வெளியே நின்று பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருக்கும். காரைத் தூக்கியிருக்கும்போதே டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.