மிரளும் ட்ரவுட்டுக்கு இறகுத் தூண்டில்: முதல் நாள் செய்முறை

மண்புழு கோத்துத் தூண்டில் போட்டு வளர்ந்தவர்கள் நாம். குளத்து மீனுக்கு அது போதும். நுவரெலியாப் பக்கத்துக் குளிர் ஓடைகளில் இருக்கும் ட்ரவுட் என்ற மீனுக்கு அது சரிவராது; இறகால் கட்டிய பொய்ப் பூச்சியை வீசும் இறகுத் தூண்டில் வேண்டும். 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் ட்ரவுட் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவரத் தொடங்கினார்கள்; இன்று இங்கே நிலைத்திருப்பது வானவில் ட்ரவுட். தெளிந்த நீரில் வாழும் மீன். நம் நிழல் விழுந்தாலே கல்லடியில் மறைந்துவிடும்.

ஆகவே முதல் முறை வழிகாட்டி ஒருவரோடு போங்கள். என்னை அழைத்துச் சென்றவர் தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மாமா. முதல் ஒரு மணி நேரம் அவர் என் கையில் தூண்டிலையே கொடுக்கவில்லை. நான் கற்றதில் பாதி அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

1. புறப்படும் முன்

எந்த ஓடை, யாருடைய அனுமதி என்று வழிகாட்டியிடம் முதலிலேயே கேளுங்கள். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே ஓடும் மீனைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். மழை பெய்து தண்ணீர் கலங்கியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பச்சை, மண் நிறச் சட்டை போதும், வெள்ளை வேண்டாம். இரத்தம் உறிஞ்சும் அட்டைக்குக் காலுறையின் மேல் சவர்க்காரம் தேய்ப்பது நம் வழக்கம். அந்தக் காலோடு ஓடைக்குள் இறங்காதீர்கள், கரையிலேயே நில்லுங்கள்.

2. தூண்டிலை அறிதல்

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் இரையைக் கொண்டுபோகும். இங்கே இரைக்குப் பாரமே இல்லை. சிறு முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய்ப் பூச்சி அது. தடித்த கயிறுதான் அதைச் சுமந்துகொண்டு பறக்கும். கயிற்றின் நுனியில் ஒன்பது அடி அளவுக்கு மெல்லிய தங்கூசி, அதாவது கண்ணுக்குத் தெரியாத இழை. அதன் கடைசிப் பகுதி 0.15 மில்லிமீற்றர் தடிப்பு இருந்தால் போதும். தடித்திருந்தால் மீனுக்குத் தெரிந்துவிடும்.

3. பார்த்தல்

இந்தப் படியை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். ட்ரவுட் ஓட்டத்தை எதிர்நோக்கியபடி நிற்கும். தண்ணீர் கொண்டுவரும் பூச்சியைக் காத்திருந்து தின்னும். ஆகவே கீழிருந்து மேல்நோக்கி நடந்து, அதன் முதுகுப்பக்கமாக அணுகுங்கள். நீருக்குள்ளிருந்து அது மேலே பார்ப்பது சுமார் 97 பாகை விரிந்த ஒரு கூம்பு வழியாக. அந்தக் கூம்பின் விளிம்போடு ஒட்டித் தாழ்ந்திருப்பவை அதன் கண்ணுக்கு நசுங்கி மங்கலாகத்தான் தெரியும். குனிந்து, முழங்காலிட்டு, புதரின் மறைவில் இருந்தால் தப்பித்தோம். காலை ஓங்கி வைத்தாலும் அதிர்வு அதன் உடலில் தெரிந்துவிடும்.

அன்று ஒரு மடுவின் வால்பகுதியில் பெரிய கல்லுக்குப் பின்னால் நீரில் சிறு வட்டம் விரிந்தது. மழைத்துளி என்று நினைத்தேன். "இல்லை தம்பி, அதே இடத்தைப் பார்த்துக்கொண்டே இரு" என்றார் மாமா. மூச்சு எண்ணி முப்பது வருவதற்குள் அதே இடத்தில் இன்னொரு வட்டம். பிறகு கண் பழகியது: கல்லின் நிழலோடு நிழலாக ஒரு சாம்பல் முதுகு, பக்கவாட்டில் ஓர் இளஞ்சிவப்புக் கீற்று. ஆவலில் நான் எழுந்து நின்றேன். அடுத்த நொடி அங்கே வெறும் மணல். மாமா திட்டவில்லை. அரை மணி நேரம் என்னைப் பேசாமல் உட்கார வைத்தார். மீன் திரும்பி வந்தது.

4. வீசுதல்

முதலில் புல்தரையில் பழகுங்கள். கம்பைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள்: முன்னே பத்து மணி, பின்னே ஒரு மணி. பின்னால் போன கயிறு முழுதாக நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னே வீசுங்கள். பொறுக்காவிட்டால் சாட்டை போலச் சொடுக்கி, பூச்சி அறுந்துவிடும். மணிக்கட்டை மடக்காமல் முழங்கையால் வீசுங்கள். பின்னால் தேயிலையோ மரமோ இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் திரும்பிப் பாருங்கள்.

5. மிதக்க விடுதல்

மீனின் தலைமேல் வீசாதீர்கள். ஓட்டத்தில் அதற்கு ஒரு மீற்றர் மேலே பூச்சி விழட்டும், ஓட்டம் அதை இறக்கிக்கொண்டு வரட்டும். நடு ஓட்டம் வேகமாக இருந்தால் கயிறு வளைந்து பூச்சியை இழுக்கும். இயற்கையான பூச்சி அப்படிக் கோடு கிழித்துக்கொண்டு போகாது, மீனும் ஏமாறாது. பூச்சி விழுந்தவுடன் கம்பின் நுனியால் கயிற்றை ஓட்டம் வரும் பக்கமாகத் தூக்கி வையுங்கள்.

6. கடித்தவுடன்

கம்பை மெதுவாக உயர்த்தினால் முள் ஏறிவிடும். வெட்டி இழுத்தால் தங்கூசி அறும். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் முன்பே நசுக்கி வையுங்கள், எடுப்பது எளிது. கையை நனைத்துவிட்டுத்தான் மீனைத் தொட வேண்டும்; உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, அது தானாக உதைத்துக் கிளம்பும்வரை கையை எடுக்காதீர்கள். அதன் பிறகு அந்த மடுவை விட்டுவிட்டு மேலே உள்ள அடுத்த மடுவுக்குக் குனிந்தபடியே நடங்கள்.