சான்செஸ் என்று மட்டும் தேடாதீர்கள்

ஸ்பானியப் பெயரைத் தேடும்போது இரண்டு குடும்பப் பெயர்களையும் சேர்த்துத் தட்டுங்கள். வெறும் சான்செஸ் என்றால் ஒரு கூட்டமே வந்து நிற்கும். சான்செஸ் விகாரியோ என்றால் டென்னிஸ் வீராங்கனை அரான்சா, சான்செஸ் பெரெஸ்-காஸ்தெஹோன் என்றால் 2018இல் ஸ்பெயின் பிரதமரான பெத்ரோ. முதலில் வருவது அப்பா வழி, அடுத்தது அம்மா வழி என்பது வழக்கம். இரண்டுமே ஒத்துப்போகிறவர்கள் குறைவு. அகரவரிசைப் பட்டியல் என்றால் முதல் குடும்பப் பெயரில் பாருங்கள். எல்லாரும் ஸபதேரோ என்றே அழைக்கும் முன்னாள் பிரதமர்கூட அங்கே ரொட்ரிகெஸ்தான்!

போர்ச்சுகல், பிரேசில் பெயர்களுக்கு இது சரிப்படாது. அங்கே பெரும்பாலும் அம்மா வழிப் பெயர் முன்னால், அப்பா வழிப் பெயர் கடைசியில். அர்ஜென்டினாவில் பலருக்கு ஒரே குடும்பப் பெயர்தான்.