முழுமைத் திட்ட வரைவுக்குச் சிறு பட்டறைக்காரர்கள் ஆட்சேபணை மனு அளிப்பது எப்படி?

கோயம்புத்தூரின் முழுமைத் திட்டம் (எந்தப் பகுதி நிலம் எதற்குப் பயன்படலாம் என்று வகுக்கும் மாஸ்டர் பிளான்) 1994-இல் ஒப்புதல் பெற்றது. 2041-ஐ இலக்காகக் கொண்ட புதிய வரைவு 2024 பிப்ரவரியில்தான் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கணபதி, ஆவாரம்பாளையம் போன்ற பகுதிகளில் வீடுகளுக்கு நடுவிலேயே லேத் பட்டறைகளும், பம்ப்செட், கிரைண்டர் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் கூடங்களும் பெருகிவிட்டன. அத்தகைய இடம் வரைபடத்தில் குடியிருப்பு மண்டலமாகத் தீட்டப்பட்டுவிட்டால், நாளை கட்டடத்தை விரிவாக்க அனுமதி கேட்கும்போது அந்த நிறமே குறுக்கே நிற்கும். உங்கள் ஊரில் வரைவு வெளிவரும்போது செய்ய வேண்டியவற்றை, நான் மனு அளித்த முறையை வைத்து எழுதுகிறேன்.

முதலில் கடைசி நாளை உறுதி செய்துகொள்ளுங்கள். நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 26-ஆம் பிரிவின்படி, அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து குறைந்தது 2 மாத அவகாசம் தரப்பட வேண்டும். வரைவை எங்கே பார்வையிடலாம் என்பதும் அந்த அறிவிப்பிலேயே இருக்கும்.

அடுத்தது உங்கள் இடத்தை வரைபடத்தில் கண்டுபிடிப்பது; பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். மாநகராட்சிப் பகுதியில் உங்கள் ஆவணம் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று இருக்கக்கூடும். வரைவோ வருவாய்க் கிராமத்தின் பழைய புல எண்ணை (சர்வே எண்ணை)க் குறிப்பிட்டிருக்கலாம். இரண்டும் வேறு வேறு எண்கள் என்பதால், ஒன்றைப் பார்த்து மற்றொன்றைத் தேடினால் அடுத்த தெருவின் காலி மனைதான் அகப்படும். பழைய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் புல எண்ணும் உட்பிரிவும் எழுதப்பட்டிருக்கும். அதை எடுத்துக்கொண்டு, வருவாய்த் துறை இணையதளத்தில் புலப்படத்தை, அதாவது அந்தப் புல எண்ணின் எல்லை வரைபடத்தை, இறக்கி, நான்கு எல்லைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கைப்பேசித் திரையில் இந்த வேலை ஆகாது. உங்கள் பகுதிக்கான தாளை மட்டும் ஏ3 அளவில் வண்ணத்தில் அச்சிட்டு, பட்டறையைப் பேனாவால் வட்டமிடுங்கள். அதையே மனுவுடனும் இணைக்கலாம்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். புல எண், வரைவில் காட்டப்பட்டுள்ள மண்டலம், நீங்கள் கோரும் மண்டலம், எத்தனை ஆண்டுகளாகத் தொழில் நடக்கிறது என்பதற்கான சான்று ஆகியவை போதும். மின் கட்டண ரசீது, உத்யம் சான்றிதழ் (சிறு தொழில் பதிவுச் சான்று), சொத்து வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். சங்கத்தின் பெயரில் ஒரே மனு கொடுத்தால் போதும் என்ற கருத்து எனக்கு உடன்பாடில்லை. சாலை அகலம், தொழில் மண்டலத்தின் பரப்பு போன்ற பொதுக் கோரிக்கைகளைச் சங்கம் எழுதட்டும். தன் புல எண்ணுக்கு அவரவரே எழுத வேண்டும்.

மனுவின் இறுதியில், "என் தரப்பை நேரில் எடுத்துரைக்க வாய்ப்பளிக்குமாறு வேண்டுகிறேன்" என்ற வரியைத் தவறாமல் சேருங்கள். நேரில் கேட்கப்பட வேண்டும் என்று கோரியவர்களுக்கே சட்டம் அந்த வாய்ப்பை உறுதி செய்கிறது. கோராதவரை அழைக்கும் கடமை எவருக்கும் இல்லை.

மனுவை, வரைவைத் தயாரிக்கும் உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தின் தபால் பிரிவில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியுடன் முத்திரை பெறுவதே என் விருப்பம். மின்னஞ்சலைக் கூடுதலாக வேண்டுமானால் அனுப்புங்கள். நீண்ட காலம் பதிலே வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன், இன்ன தேதியிட்ட மனுவின் மீது எடுக்கப்பட்ட முடிவின் நகலைக் கேளுங்கள்.

பிற்சேர்க்கை: வாடகைக் கட்டடத்தில் பட்டறை நடத்துபவர் மனு அளிக்க முடியுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். முடியும். 26-ஆம் பிரிவு எந்த நபரிடமிருந்தும் ஆட்சேபணையை வரவேற்கிறது; நில உரிமையாளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. வாடகை ஒப்பந்த நகலை இணைத்தால் போதும். உரிமையாளர் அதே புல எண்ணுக்குக் குடியிருப்பு மண்டலம் கேட்டு மனு கொடுத்திருக்கிறாரா என்பதை மட்டும் முன்கூட்டியே அவரிடம் பேசித் தெரிந்துகொள்ளுங்கள்.